ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

"பொட்டி ஆன் ஆகலையா? ஃபார்மட் போட்டுடு." நம்ம ஊர்ல கம்ப்யூட்டருக்கு வர்ற எல்லா வியாதிக்கும் இதான் ஒரே மருந்து. சர்வீஸ் கடைக்காரர் சொல்வார், காலேஜ் பசங்க சொல்வாங்க, நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு ஆணி புடுங்கிட்டிருக்கற என்னை மாதிரி ஆசாமிகளும் சொல்வோம். நானும் சொல்லிட்டு இருந்தவன்தான். இப்ப சொல்றதில்லை. அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு.

2018, நான் ஃபைனல் இயர். பொங்கல் லீவுக்கு பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். ஊர்க் கிழவிகளைத் தேடிப் பிடிச்சு, அவங்க பாடுற தாலாட்டையும் ஒப்பாரியையும் நோட்டுல எழுதி, அதை ஒத்தை விரலால டைப் அடிச்சுச் சேர்த்துட்டு இருந்தார். அசெம்பிள் பண்ணின பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 7.

போன அன்னிக்கே, "தம்பி, இது காலைல இருந்து வரமாட்டேங்குது, பாரேன்" அப்படின்னார். ஆன் பண்ணினா கறுப்புத் திரையில 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்'. எனக்கோ படு குஷி. பைல பென் டிரைவ் ரெடியா இருக்கே!

"எல்லாம் டி டிரைவ்லதானே பெரியப்பா வெச்சிருக்கீங்க?"

"ஆமாம்பா, எல்லாம் உள்ளதான் இருக்கு."

அவருக்கு டி டிரைவ்னா என்னன்னே தெரியாதுங்கறது எனக்கு உறைக்கலை. "ரெண்டு மாசமா தினமும் எஃப்1 அழுத்தச் சொல்லுதுப்பா, நானும் அழுத்திட்டுதான் இருக்கேன்" அப்படின்னும் சொன்னார். அதையும் காதுல வாங்கலை. பின்னாடி சொருகியிருந்த வயரையெல்லாம் புடுங்கிட்டு, சி டிரைவை ஃபார்மட் அடிச்சு, ஒரு மணி நேரத்துல புது விண்டோஸ். பெரியம்மா கையால காப்பி, "எஞ்சினியர்னா எஞ்சினியர்தான்" அப்படின்னு பாராட்டு வேற.

வயரையெல்லாம் திரும்ப மாட்டி ஆன் பண்ணினேன். 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்'.

அவ்வ்வ்வ்...

அப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். மதர்போர்டுல இருக்கற பட்டன் பேட்டரி செத்துப் போயிருக்கு. அதனாலதான் பயாஸ் செட்டிங் ஒவ்வொரு தடவையும் அழிஞ்சு, தினமும் எஃப்1 கேட்டிருக்கு. செட்டிங் அழிஞ்சதால பூட் ஆர்டரும் மாறிப் போச்சு. அதுவரைக்கும் சொருக எதுவும் இல்லாததால பிரச்சினை தெரியலை. முந்தின நாள் அண்ணன் சினிமாப் படம் வெச்சிருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைச் சொருகி வெச்சுட்டுப் போயிருக்கான். பொட்டி அதுல போய் விண்டோஸைத் தேடியிருக்கு. இல்லாததை இல்லைன்னு நேர்மையாச் சொல்லியிருக்கு. விண்டோஸ் மேல எந்தத் தப்பும் இல்லை. அந்தக் கேபிளைப் புடுங்கியிருந்தாலே போதும். ஒரு சி.ஆர். 2032 பேட்டரி வாங்கியிருந்தா வேலை முழுசா முடிஞ்சிருக்கும். அம்பது ரூபாய்கூட ஆகாது.

பெரியப்பாவோட ஃபைல் எல்லாம் டெஸ்க்டாப்ல இருந்துச்சு. டெஸ்க்டாப்ங்கறது சி டிரைவ்லதான் இருக்கு. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு ராத்திரி பூரா ஓட்டினேன். கொஞ்சம் வந்துச்சு. வந்ததுல பாதி திறந்தா கட்டம் கட்டமா இருந்துச்சு. டைப் அடிச்சு முடிச்ச நோட்டுங்க முன்னாடியே பழைய பேப்பர்ல போயாச்சு. பாடின கிழவிகள்ல ரெண்டு பேர் அப்பவே இல்லை. பெரியப்பா என்னைத் திட்டலை. "பரவால்லப்பா, பொட்டி ஓடுதுல்ல" அப்படின்னார். திட்டியிருக்கலாம்.

சரி, மேட்டருக்கு வர்றேன். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். எர்ரர் மெசேஜுங்கறது நம்மளைப் பயமுறுத்த வர்றதில்லை. வண்டி எந்த ஸ்டேஷன்ல நிக்குதுன்னு சொல்ற அறிவிப்பு. ஆன் பண்ணினதுல இருந்து லாகின் வரைக்கும் வரிசையா சில வேலை நடக்குது. எங்க நின்னுச்சுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

திரையே வராம பீப் பீப்னு கத்தினா, அது இன்னும் ஹார்ட் டிஸ்க் பக்கமே போகலை. பெரும்பாலும் ரேம். கழட்டித் துடைச்சு மாட்டிப் பாருங்க. 'நோ பூட்டபிள் டிவைஸ்'னா, பூட் பண்ற மாதிரி டிஸ்க் எதுவும் கிடைக்கலைன்னு அர்த்தம். பயாஸ்ல போய் டிஸ்க் பேர் தெரியுதான்னு முதல்ல பாருங்க. தெரியலைன்னா கேபிள், இல்லை டிஸ்கே போயிருக்கும். 'பூட்எம்ஜிஆர்' கதைதான் மேலயே பாத்தாச்சு. நீலத் திரையில 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்'னு வந்தா, விண்டோஸ் கிளம்பிடுச்சு, ஆனா டிஸ்கைப் படிக்க முடியலை. பயாஸ்ல யாராவது சாட்டா மோடை மாத்தினாலே இது வரும். பழையபடி மாத்தி வெச்சா சரியாயிடும். இதுல எதுக்காவது ஃபார்மட் முதல் மருந்தா?

இன்ஸ்டால் பண்ணும்போதும் இதே கதைதான். 'செலக்ட் பண்ணின டிஸ்க்ல எம்.பி.ஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கு, இ.எஃப்.ஐ சிஸ்டத்துல ஜி.பி.டி டிஸ்க்லதான் போட முடியும்'னு ஒரு மெசேஜ் வரும். உடனே வீடியோல சொன்ன மாதிரி எல்லா பார்ட்டிஷனையும் டெலீட் பண்ணிடுவாங்க. டி டிரைவும் சேர்ந்து காலி! விண்டோஸ் இருக்கற டிஸ்கை, உள்ள இருக்கறதை அழிக்காம மாத்துறதுக்குன்னே 2017-ல இருந்து விண்டோஸ்லயே எம்.பி.ஆர்.2ஜி.பி.டி-னு ஒரு டூல் இருக்கு. அப்புறம், 11-ஆம் தலைமுறை இன்டெல்ல இருந்து வந்த பல லேப்டாப்ல இன்ஸ்டால் பண்றப்ப டிரைவே காட்டாது. எஸ்.எஸ்.டி செத்துப் போச்சுன்னு புதுசு வாங்கினவங்களைத் தெரியும். அதுக்கு வேண்டியது இன்டெல்லோட ஸ்டோரேஜ் டிரைவர் ஒண்ணு, அவ்ளோதான். பென் டிரைவ்ல போட்டு 'லோட் டிரைவர்' குடுத்தா டிஸ்க் வந்துடும்.

"கடைக்காரர் ஏன் அப்போ உடனே ஃபார்மட் போடுறார்?" நியாயமான கேள்வி. ஃபார்மட்டுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு அவருக்குத் தெரியும். கோளாறைக் கண்டுபிடிக்க பத்து நிமிஷமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். கண்டுபிடிச்சதுக்கு நாம காசு குடுக்கறோமா? "ஒரு கேபிள் மாட்டினதுக்கு முந்நூறு ரூபாயா"ன்னு சண்டைக்குத்தானே போறோம்? அவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எனக்குக் கோவம் என்னை மாதிரி ஆளுங்க மேலதான். ஆபீஸ்ல சர்வர் படுத்தா லாக் பாக்காம எதையாவது தொடுவோமா? டேட்டாபேஸை அழிச்சுட்டுப் புதுசா ஏத்தலாம்னு சொன்னா மேனேஜர் சும்மா விடுவாரா? வீட்டுப் பொட்டின்னா மட்டும் அந்தப் புத்தி எங்க போகுது?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்டிரைக்கோட ஒரு தப்பான அப்டேட்டால உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் பொட்டிங்க நீலத் திரைல போய் நின்னுச்சு. ஏர்போர்ட், ஆஸ்பத்திரின்னு எல்லாம் ஸ்தம்பிச்சுது. வைத்தியம் என்ன? சேஃப் மோடுல போய் ஒரே ஒரு ஃபைலை டெலீட் பண்றது. அவ்ளோ பெரிய கலாட்டாவுக்கே ஃபார்மட் தேவைப்படலை மக்கா.

ஃபார்மட்டே கூடாதுன்னு சொல்ல வரலை. வைரஸ் புகுந்து விளையாடின பொட்டிக்கு அதான் சரி. ஆனா அதுக்கு முன்னாடி பென் டிரைவ்ல ஒரு லைவ் லினக்ஸ் போட்டு பூட் பண்ணி, இருக்கறதையெல்லாம் வேற டிஸ்குக்கு காப்பி பண்ணுங்க. பொட்டிக்காரரைக் கேக்காதீங்க, நீங்களே திறந்து பாருங்க. "எல்லாம் உள்ளதான் இருக்கு"ன்னுதான் எல்லாரும் சொல்வாங்க.

பெரியப்பா இப்ப போன்ல ரெக்கார்ட் பண்றார். மாசம் ஒரு தடவை எனக்கு அனுப்புவார், நான் மூணு இடத்துல காப்பி எடுத்து வெக்கறேன். போன பாட்டு போனதுதான்.

டிஸ்கி: 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சு, நிறைய பேர் 11-க்குத் தாவிட்டீங்க. 2024-ல வந்த 24ஹெச்2 பதிப்பைப் புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல நுழைஞ்சா, பெரும்பாலான புது லேப்டாப்ல டிஸ்க் தானாவே பூட்டிக்கும். நாளைக்கு மதர்போர்டு மாத்தினா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அது இல்லைன்னா லைவ் லினக்ஸும் உதவாது, ரெக்கவரி சாஃப்ட்வேரும் உதவாது. உங்க அக்கவுன்ட்ல அந்த கீ இருக்கான்னு இன்னிக்கே பாத்து, ஒரு பேப்பர்ல எழுதி பீரோவுல வெச்சுடுங்க. அப்பா அம்மா லேப்டாப்புக்கும் சேர்த்துத்தான் சொல்றேன் :-)