மேல் பல்லை எடுத்தால் பார்வை போகுமா?

‘கீழ்ப் பல்லுன்னா எடுத்துடுங்க டாக்டர். மேல் பல் வேண்டாம், கண்ணு போயிடும்.’ பல் மருத்துவர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது. படித்தவர்களும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, சொத்தைப் பல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு வலி மாத்திரையும் கிராம்பு எண்ணெயுமாக மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இந்த அச்சத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் நிற்பதில்லை.

‘பல் நரம்பும் கண் நரம்பும் ஒன்று’ என்பது முதல் காரணம். மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் பார்வையைச் சுமப்பது 2ஆவது. பல்வலியைச் சுமப்பது 5ஆவது. அந்த 5ஆவது நரம்பு மூன்றாகக் கிளைக்கிறது. ஒன்று நெற்றிக்கும் கண்ணின் மேற்பரப்புக்கும், மற்றொன்று மேல்தாடைக்கும், இன்னொன்று கீழ்த்தாடைக்கும் போகின்றன. மூன்றும் ஒரே தண்டில் சேர்வதால், மேல் பல் வலிக்கும்போது கண்ணைச் சுற்றியும் வலிக்கலாம். அந்த வலி உண்மைதான். ஆனால் பார்க்கும் வேலையில் இந்த நரம்புக்குப் பங்கில்லை. பல்லை எடுக்கும்போது அறுபடுவதும் வேருக்குள் நுழையும் நுண்ணிழை மட்டுமே.

‘எங்க பெரியப்பா பல் எடுத்த பிறகுதான் கண்ணாடி போட்டார்’ என்பது இரண்டாவது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து யாருக்கும் வரும். பற்கள் ஆடத் தொடங்குவதும் பலருக்கு அதே வயதையொட்டித்தான். போதாததற்குச் சர்க்கரை நோய் ஈறையும் கெடுக்கும், விழித்திரையையும் கெடுக்கும். ஒரே உடம்பில் இரண்டும் அடுத்தடுத்து நடந்தால், பழி பல் எடுத்தவர் மேல் விழுகிறது.

‘ஊசி போட்டதும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது’ என்பாரும் உண்டு. மரத்துப்போகும் மருந்து சில வேளை கண்குழி வரை பரவி, கண்ணை அசைக்கும் தசைகளைத் தளர்த்திவிடும். அரிதாக நடப்பது, பெரும்பாலும் சில மணி நேரத்தில், மருந்தின் வேகம் அடங்கியதும் சரியாகிவிடும். அப்படித் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

‘எதற்கு வம்பு, பல் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான வாதம். மேல் கோரைப்பல்லின் வேரில் சேரும் சீழ் கன்னத்தில் ஏறி, கண்ணைச் சுற்றிய திசுக்களுக்குப் பரவலாம். முகத்துச் சிரைகளின் வழியே கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டுக்குள் இருக்கும் சிரைக்குழிவு வரை கிருமி போய்ச் சேர்ந்ததும் உண்டு. அது பார்வையை மட்டுமல்ல, உயிரையே பறிக்கக்கூடியது. பல்வலியோடு காய்ச்சல், இமை வீக்கம், கண் பிதுங்கல் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நோயாளி உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. எலும்பு பலவீனத்துக்கு அலென்ட்ரோனேட் எடுப்பவர்களும் மறைக்கக் கூடாது, தாடை எலும்பு ஆறத் தாமதமாகலாம். எடுத்த பிறகு, வைத்த பஞ்சை அரை மணி நேரமாவது கடித்திருக்க வேண்டும். பல் இருந்த குழியில் உறையும் இரத்தம்தான் காயத்துக்கு மூடி. முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பது, காறித் துப்புவது, உறிஞ்சிக் குடிப்பது, புகைப்பது எல்லாமே அந்த மூடியைப் பெயர்த்துவிடும். உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு மறுநாளிலிருந்துதான். இரண்டு மூன்று நாளில் குறைய வேண்டிய வலி கூடினால், எடுத்தவரிடமே திரும்பப் போய்க் குழியைக் காட்ட வேண்டும்.