பாதைக்கும் ஒரு ஹக்கு உண்டு



இம்மாதம் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். "அது ஆம்பிளப் பிள்ளைகளின் விஷயம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாம்தானே! சைக்கிள் வாங்கச் சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்ததும் பெரும்பாலும் நாம்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் எத்தனையோ பேர் அப்போது சைக்கிளுக்கு மாறினார்கள். என் மகனுக்கு அப்போது 13 வயது. டியூஷன் வகுப்புக்குப் போய்வர ஒரு பழைய சைக்கிள் தேடினோம். கிடைத்தது தடித்த டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் கியரும் உள்ள மவுண்டன் பைக். பிறகு பெற்றோல் வந்தது, பஸ்ஸும் ஓடியது. சைக்கிள் மட்டும் வகுப்புப் பாதையை விட்டு மலைப்பாதையில் ஏறிவிட்டது. எங்கள் ஊர் மலையகத்தில். வீட்டுக்குப் பின்னால் சற்று ஏறினால் தேயிலைத் தோட்டம். அதன் ஒற்றையடிப் பாதைகளில் கூட்டாளிகளோடு இறங்குவதுதான் அவனுக்குப் பெருநாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அதில் பெருமைதான். அவன் இறங்கி வருவதைக் கூட்டாளி போனில் படம் பிடித்து அனுப்புவான். நான் அதை என் தாத்தாவுக்கும் மாமிக்கும் அனுப்பி, "பாருங்க, எங்கட மகன்!" என்று எழுதுவேன்.

ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி கேட்கவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. குளியலறையில் புகுந்து கதவை மூடிக்கொண்டான். அன்றிரவு அந்தப் படம் என் கண்ணில் பட்டது. மொத்தம் ஏழு, எட்டு செக்கன்தான் இருக்கும். சரிவான பாதை. மகனுடைய சைக்கிள் மணி விடாமல் அடிக்கிறது. முன்னால் கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்தபடி ஒரு பெண் ஏறி வருகிறார். அவர் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறார், பிறகு மறுபக்கம். அடுத்த கணம் சாக்கோடு கானுக்குள் விழுகிறார். கொழுந்து நாலா பக்கமும் சிதறுகிறது. சைக்கிள் நிற்கவில்லை.

மகனைக் கூப்பிட்டேன்.

"நான் மணி அடிச்ச தானே உம்மா. அவங்கதான் வெலகல்ல" என்றான்.

சகோதரிகளே, அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்தால் எதிரில் வருபவர் விலக வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவன் வாப்பாதான், "நாளைக்கு மூணு பேரும் போறோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

ஞாயிறு காலை விசாரித்துக்கொண்டு லயத்துக்குப் போனோம். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. வயதில் என் தாத்தா அளவு இருப்பார். எங்களைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மகன் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். அவர் கோபப்படவில்லை. இப்படிச் சொன்னார்:

"மணிச் சத்தம் கேட்டுச்சும்மா. எந்தப் பக்கம் ஒதுங்குறதுன்னுதான் தெரியல. ஒரு பக்கம் கான், ஒரு பக்கம் செடி. தலையில பாரம். நான் எங்க போவேன்?"

சிந்திய கொழுந்தில் பாதியைத்தான் அள்ள முடிந்ததாம். நிறுவையில் குறைந்தால் அது சம்பளத்தில்தான் வந்து விடியும். அந்தக் காசை அவர் வாப்பா கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தார். பிறகு மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"நான் எங்க போவேன்?" என்ற அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவது இன்று உலகெங்கும் உள்ள பொழுதுபோக்கு. அதற்கென்று ஒழுங்குகள் இருக்கும் என்று எண்ணித் தேடினேன். இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பியிடமும் கேட்டேன். அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த விளையாட்டு வளர்ந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மரீன் பகுதி. 1970களில் அங்குள்ள இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய பாரமான சைக்கிள்களை மலைக்கு ஏற்றி, மண் பாதையில் இறங்கினார்கள். 1976இல் நேரம் குறித்துப் பந்தயமும் தொடங்கியது. அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரீபேக்'. சுமார் 3 கிலோமீற்றர் தூரத்தில் 400 மீற்றர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின்சில்லின் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிறீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். சைக்கிள் இறக்கத்தில் எவ்வளவு வேகம் எடுக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அதே மலையில் நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும் இருந்தார்கள். திருப்பங்களில் திடீரென்று சைக்கிள்கள் பாய்ந்து வர, 1980களில் பெரும் சச்சரவு எழுந்தது. சில ஒடுங்கிய பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. திறந்திருந்த பாதைகளில் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீற்றர்தான் உச்ச வேகம் என்றும், எதிரே வருபவர் தெரியாத திருப்பத்தில் 5 மைல், அதாவது 8 கிலோமீற்றர் என்றும் விதித்தார்கள். வேகமாக நடப்பவரின் வேகத்தைவிட அது சற்றுத்தான் கூட. 1988இல் கலிபோர்னியாவின் சைக்கிள் கழகங்கள் சேர்ந்து சர்வதேச மவுண்டன் பைக் சங்கத்தை அமைத்தன. பாதைகள் முழுவதுமாக மூடப்படாமல் இருக்க வேண்டுமானால் ஓட்டுபவர்களே ஒழுங்காக நடக்க வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அவர்கள் பரப்பிய ஒழுங்கு எளிமையானது. சைக்கிளில் வருபவர், நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும். நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும். இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். ஏறுபவர் நின்றுவிட்டால் மறுபடி மிதித்து எடுப்பது கஷ்டம். மூச்சு வாங்கியபடி சில்லுக்கு முன்னாலுள்ள நிலத்தையே பார்த்துக்கொண்டு வருவார். இறங்குபவருக்கோ தூரத்தில் வருபவரும் தெரியும், வேகமும் அவர் கையில். ஆகவே பொறுப்பும் அவருடையது.

இங்கிலாந்தில் இது சட்டமாகவே இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட உரிமை கொடுத்தது. கொடுத்த கையோடு, நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் வழிவிட வேண்டும் என்ற கடமையையும் சேர்த்தது. அங்கே நடைபாதைக்கு மஞ்சள் அம்புக்குறி, குதிரைப் பாதைக்கு நீல அம்புக்குறி. மஞ்சள் குறியுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டும் உரிமை கிடையாது. 2022 ஜனவரியில் அந்நாட்டின் வீதி ஒழுங்கு விதிகளைத் திருத்தியபோது, அதிக சேதம் விளைவிக்கக் கூடியவருக்கே அதிக பொறுப்பு என்பதை முன்னால் வைத்தார்கள். லொறிக்காரருக்குக் காரைவிட அதிகம், காருக்குச் சைக்கிளைவிட அதிகம், சைக்கிளுக்கு நடப்பவரைவிட அதிகம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஓதல் பள்ளி நினைவுதான் வந்தது. வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்தார்கள் அல்லவா? பாதையோரத்தில் அமர்பவர்கள்கூடப் பாதைக்குரிய ஹக்கைக் கொடுக்க வேண்டும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அதில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததையும் அறிவோம். உயரத்தில் இருப்பவன் பணிய வேண்டும், வேகத்தில் இருப்பவன் பொறுக்க வேண்டும். நாம் மகனுக்கு ஸலாம் சொல்லக் கற்றுக் கொடுத்தோம். அதே அதபு சைக்கிள் பிரேக்கிலும் இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் மலைப்பாதைக்குச் சைக்கிள் எடுத்துப் போகும் பிள்ளை இருந்தால் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்.

முதலாவது, மணி என்பது அறிவிப்பு, கட்டளை அல்ல. தூரத்திலேயே ஒரு தடவை மெதுவாக அடிக்க வேண்டும். அடிக்கும்போதே வேகத்தையும் குறைக்க வேண்டும். கிட்டே வந்து அடித்தால் நடப்பவர் பதறிப்போவார். பாரம் சுமப்பவர், வயதானவர், குழந்தையோடு வருபவர் என்றால் நிறுத்தி, காலை ஊன்றி, அவர் போகும் வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வாயைத் திறந்து பேச வேண்டும். "அம்மா, நீங்க போங்க" என்ற ஒரு சொல் போதும். பின்னால் கூட்டாளிகள் வந்தால், "இன்னும் ரெண்டு பேர் வாறாங்க" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். முதல் சைக்கிள் போனதும் பாதைக்குத் திரும்புபவரை இரண்டாவது சைக்கிள் மோதுவது இதனால் தவிரும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிந்த வேகம்தான் சரியான வேகம். திருப்பத்துக்கு அப்பால் ஒருவர் வருகிறார் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, மாடோ குதிரையோ கண்டால் நின்று, குரல் கொடுத்து, மெதுவாக ஒதுங்கிப் போக வேண்டும். சத்தமின்றிப் பின்னால் வரும் சைக்கிள் மிருகங்களை மிரள வைக்கும்.

ஐந்தாவது, பாதை யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தோட்டப் பாதை என்றால் தோட்டத்தாரின் அனுமதி வேண்டும். மழை பெய்து ஊறிய மண்ணில் ஓட்டக் கூடாது. பின்சில்லை இறுக்கிச் சறுக்கி நிறுத்தினால் மண் கீறிப் பள்ளமாகும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் ஓடிப் பாதையையே அறுத்துவிடும். விடிந்தால் அதில் வெறுங்காலோடு ஏறப்போவது நம் பிள்ளைகள் அல்ல.

நடப்பவர்களான நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அகலமாகக் கைகோத்து நடந்து பாதையை அடைக்காமல், ஒரு பக்கமாகப் போவோம். சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வோம். இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். சைக்கிள் வந்தால் அங்குமிங்கும் ஓடாமல் நின்ற இடத்தில் நிற்பதே நல்லது. அப்போதுதான் ஓட்டுபவருக்கு நம்மைக் கடக்கும் வழி தெரியும்.

இது ஏதோ எங்கள் ஊர் விஷயம் மட்டும் என்று எண்ண வேண்டாம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீகோ ட்ரெயில் 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. 22 பகுதிகளாகத் தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகளூடாகப் போகிறது. உல்லாசப் பயணிகள் அங்கே நடக்க வருகிறார்கள், சைக்கிளிலும் வருகிறார்கள். ஆனால் அந்தப் பாதைகள் பலவற்றைக் காலால் மிதித்து உண்டாக்கியவர்கள் கொழுந்து சுமந்தவர்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல, வேலைக்குப் போகும் வழி.

என் மகன் சைக்கிளை விற்றுவிட்டானா என்று கேட்பீர்கள். இல்லை. சில வாரம் தொடவில்லை, பிறகு எடுத்தான். இப்போது கொழுந்து நிறுக்கும் நேரங்களில் அந்தப் பக்கம் போவதில்லை. யாராவது ஏறி வந்தால் இறங்கி, சைக்கிளைச் செடியோரம் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறானாம். எப்போதும் செய்கிறானா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது, பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. ஆனால் போன மாதம் சந்தையில் அந்த அம்மாவைக் கண்டேன். முழங்கால் எப்படி என்று கேட்டேன். "ஏத்தத்துல கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது" என்றார். பிறகு தானாகவே, "தம்பி இப்ப நின்னு பேசிட்டுத்தான் போவுது" என்றார்.

அந்தப் பழைய படத்தை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். முன்பு அதைப் போன்ற படங்களை அனுப்பியவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்லிவிட்டேன். இரவு சாப்பாட்டில் பிள்ளைகள் கூடி இருக்கும்போது, "பாதையில் யாருக்கு முதலில் வழி?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.