பனைமலைச் சுவரில் நிற்பவள் யார்?

வயிற்றுப்பாட்டுக்கே போராடுகிற மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் சித்திரக் கலை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கலை என்பது படித்தவர்கள், பணக்காரர்கள் சொத்து என்பது அவர்கள் நினைப்பு. இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. சாட்சி வெகுதூரத்தில் இல்லை. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஏரியை ஒட்டிய குன்றின்மேல் நிற்கிறது பனைமலை தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மன், கி.பி. 700-ஐ ஒட்டி இதையும் கட்டினான். அங்கே சிறு சன்னிதி ஒன்றில், சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில், ஒரு புராணக் கதை தீட்டப்பட்டிருக்கிறது. சிவன் ஆடுகிறான்; உமை பார்த்து நிற்கிறாள். ஆடுகிறவன் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்க்கிறவள் மிஞ்சியிருக்கிறாள்.

அவள் தலையிலே மகுடம், உடலெங்கும் நகை, மேலே குடை. இவை எதைக் குறிக்கின்றன? அரசாட்சியை. தெய்வத்துக்கும் அரண்மனைக் கோலத்தையே பூட்டினார்கள். கும்பிட வருகிற குடியானவன் குடையையும் மகுடத்தையும் சேர்த்தே கும்பிட வேண்டியதாயிற்று.

ஆனால் தோழர்களே, அவள் நிற்கும் நிலையைப் பாருங்கள்! ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை மடக்கிப் பின்னால் சுவரில் பதித்து, தலையைச் சற்றே சாய்த்து நிற்கிறாள். சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்காரும் ராணியின் தோரணையா இது? விடிய விடியத் தெருக்கூத்து நடக்கையில், நாளெல்லாம் நாற்று நட்ட நம் வீட்டுப் பெண் திண்ணைச் சுவரில் சாய்ந்து இப்படித்தானே நிற்கிறாள்! குடையும் மகுடமும் மன்னன் கேட்டவை. அந்த நிலையோ, ஓவியன் தன்னைச் சுற்றியிருந்த வாழ்க்கையிலிருந்து எடுத்தது என்றே நாம் கருதுகிறோம். சித்திரத்துக்கு உயிர் தருவதும் அதுதான். உமையின் முகத்தையும் சாய்வையும் பார்த்தால் போதும். அழிந்துபோன ஆட்டம் நம் கண்முன் நடக்கிறது.

இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டில் பாவோலோ உச்செல்லோ என்ற ஓவியர், பறக்கும் நாகத்தைக் குத்தும் வீரன் ஜார்ஜின் கதையைத் தீட்டினார். அந்தப் படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. அவர் பெயரும் உலகறிந்தது. அதற்கு 700 ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது நம் பனைமலைச் சித்திரம். கட்டச் சொன்ன மன்னன் பெயர் தெரியும். தீட்டியவன் பெயர் தெரியாது. கல் சுமந்தவன், சாந்து அரைத்தவள் பெயரும் தெரியாது. உழைத்தவன் பெயர் மறைவது அன்றே தொடங்கிய கதை!

ஆகவே இது யாருடைய சொத்து? உழைத்தவர்களின் வாரிசுகளான நம்முடைய சொத்து. ஒருநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சுவரைத் தொடாதீர்கள், பெயரைக் கிறுக்க யாரையும் விடாதீர்கள். மிச்சமிருப்பதும் உதிர்ந்துவிட்டால், அந்தப் பெயர் தெரியாத தொழிலாளி இரண்டாம் முறை சாவான். அதை நாம் அனுமதிக்கக் கூடாது.