காகிதம் சரியாக இருக்கிறது

அமெரிக்கர் ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியோடு தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏகப்பட்ட கெடுபிடி இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதெல்லாம் கிடையாது. புறப்படும் முன் சுங்க அலுவலகத்தில் 4457 என்ற படிவத்தில் துப்பாக்கியின் மாடலையும் வரிசை எண்ணையும் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். காமிரா, கைக்கடிகாரம் கொண்டுபோகிறவர்களுக்கும் அதே படிவம்தான். 'இது என் பொருள், வெளிநாட்டில் வாங்கியதில்லை' என்பதற்கு அத்தாட்சி. அப்புறம், பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டியில் துப்பாக்கி. தோட்டா தனியாக, வழக்கமாக ஐந்து கிலோ வரை.

ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கினால் விமான நிலையத்திலேயே போலீஸ் அலுவலகம். அங்கே எஸ்.ஏ.பி.எஸ். 520 என்று இன்னொரு படிவம். கறுப்பு மையில்தான் எழுத வேண்டும். கையெழுத்தைப் போலீஸ்காரர் கண்ணெதிரே போட வேண்டும். வேட்டைக்கு அழைத்தவர் கொடுத்த கடிதத்தை இணைக்க வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை அனுமதி. முத்திரை விழுந்தால் வேலை முடிந்தது. வெளியே ஜீப் நிற்கும்.

நான் பி.காம். படித்தவன். படிவம், முத்திரை, வவுச்சர் எல்லாவற்றின் மீதும் மரியாதை உண்டு. ஆனால் எந்தக் காகிதத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, எதற்கு இடமே விடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்பது ஆடிட்டிங்கில் முதல் பாடம். இந்தப் படிவத்தில் துப்பாக்கிக்கு இடம் உண்டு, தோட்டாவுக்கு இடம் உண்டு, பாஸ்போர்ட் எண்ணுக்கு இடம் உண்டு. சுடப்போகிற காட்டின் ஓரத்தில் குடியிருக்கிறவனுக்கு மட்டும் ஒரு கட்டம் கூடக் கிடையாது.

இது இன்று நேற்று ஆரம்பித்த கதை அல்ல. 1909-ல் அமெரிக்க அதிபர் பதவியில் இருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். அவரும் அவர் மகனும் சேர்ந்து சுட்ட மிருகங்கள் 512. எல்லாம் முறையான லைசென்ஸோடு. தோல்களும் எலும்புகளும் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதற்குப் பெயர் அறிவியல் பயணம்.

அதே கென்யாவில் வாட்டா என்று ஒரு சிறிய சமூகம். விஷம் தடவிய அம்பும் நீண்ட வில்லும் வைத்துக்கொண்டு யானையை வேட்டையாடிப் பிழைத்தவர்கள். 1948-ல் அவர்கள் நடமாடிய பூமி 'சாவோ தேசியப் பூங்கா' ஆனது. 1956-57-ல் கள்ள வேட்டை ஒழிப்பு என்று ஒரு பெரிய நடவடிக்கை. வாட்டா வேட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஜெயிலுக்குப் போனார்கள். தந்தத்தை வாங்க வியாபாரிகள் இருந்தார்கள், இவர்களும் விற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வருஷங்களிலேயே, லைசென்ஸுக்குக் காசு கட்டிய வெளிநாட்டுக்காரர் கென்யாவில் தாராளமாக யானை சுடலாம். வேட்டைக்கு மொத்தமாகத் தடை வந்தது 1977-ல்தான்.

வில் என்றதும் இன்னொரு வில் ஞாபகம் வருகிறது. 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டி, சிசில் என்ற சிங்கத்தின் மீது அமெரிக்கப் பல் டாக்டர் ஒருவர் அம்பு விட்டார். உடனே சாகவில்லை. பல மணி நேரம் கழித்துத்தான் கதை முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப் பட்டை மாட்டிக் கண்காணித்து வந்த சிங்கம் அது. டாக்டர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தொகை 50 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் முப்பது லட்ச ரூபாய்க்கு மேல். உலகமே கொதித்தது. அக்டோபரில் ஜிம்பாப்வே அமைச்சர் அறிவித்தார்: அவருடைய காகிதங்கள் சரியாக இருக்கின்றன, வழக்கு இல்லை!

வாட்டாக்காரன் கையில் வில் இருந்தால் குற்றம். பல் டாக்டர் கையில் இருந்தால் விளையாட்டு. நடுவில் இருப்பது ஒரு காகிதமும் ஒரு ரசீதும்.

அந்தக் கொதிப்பில் டெல்டா உள்ளிட்ட அமெரிக்க விமான கம்பெனிகள் ஒரு முடிவெடுத்தன. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவற்றின் தலை, தோல் எதையும் இனி ஏற்ற மாட்டோம் என்றன. பலே! வேட்டைத் துப்பாக்கியை ஏற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. போகும்போது துப்பாக்கி வரலாம், திரும்பும்போது தலை வரக்கூடாது. இதற்குப் பெயர் மனசாட்சி.

'அப்படியானால் வேட்டையையே மொத்தமாகத் தடை செய்துவிட வேண்டியதுதானே? நாம் 1970-ல் புலி வேட்டைக்குத் தடை போடவில்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுவரை இங்கேயும் டாலரோடும் துப்பாக்கியோடும் வந்தவர்களுக்குப் புலி காட்டிப் பிழைத்த கம்பெனிகள் இருந்தன. ஆனால் தடை மட்டுமே மருந்து என்று சொல்லக் கணக்கு இடம் கொடுக்கவில்லை. கென்யாவையே பாருங்கள். 1977-ல் தடை. 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, அந்த நாற்பது வருஷத்தில் அங்கே வனவிலங்குகள் சராசரியாக 68 சதவிகிதம் குறைந்துவிட்டன என்றது. மேய்ச்சல் நிலமெல்லாம் வயலாகவும் வேலியாகவும் மாறினால், துப்பாக்கியே இல்லாமலும் மிருகம் சாகும்.

எதிர்ப்பக்கம் நமீபியா. 1996-ல் ஒரு சட்டத் திருத்தம். கிராமத்தார் சேர்ந்து எல்லை வகுத்து, கமிட்டி அமைத்துப் பதிவு செய்துகொண்டால், அந்த எல்லைக்குள் வனவிலங்கால் வரும் வருமானம் அவர்களுக்கு. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. வேட்டைக்கு வருகிறவர் கட்டும் பணத்தில் காவலாளிக்குச் சம்பளம். சுட்ட மிருகத்தின் இறைச்சி ஊருக்கு. யானை பயிரை அழித்தாலும், அந்த யானையால் ஊருக்குக் கொஞ்சம் வரும்படி இருக்கிறது. இதில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கு நோட்டு ஊர்க்காரன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

வேட்டை ஆதரவாளர்கள் எப்போதும் காட்டுவது இந்த நோட்டைத்தான். மற்ற நோட்டுகளைக் காட்ட மாட்டார்கள்.

உதாரணம், தென்னாப்பிரிக்கச் சிங்கப் பண்ணைகள். கோழி வளர்ப்பது மாதிரி அங்கே ஆயிரக்கணக்கில் சிங்கம் வளர்த்தார்கள். குட்டியாக இருக்கும்போது டூரிஸ்ட் மடியில் வைத்துப் போட்டோ. வளர்ந்ததும் வேலிக்குள் விட்டு, துப்பாக்கியோடு வந்தவருக்கு விற்பனை. எலும்பு ஆசியச் சந்தைக்கு ஏற்றுமதி. இதில் எந்தக் காடு பிழைத்தது? 2021-ல் அந்நாட்டு அரசு அமைத்த குழுவே இந்தத் தொழிலுக்கு மூடுவிழா நடத்தச் சொன்னது. 2024-ல்தான் அமைச்சரவை அதைக் கொள்கையாக ஏற்றது.

இன்னொரு நோட்டு, தான்சானியாவின் லோலியோண்டோ. 1992-ல் அங்கே வேட்டையாடும் உரிமை, ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனிக்குப் போனது. விருந்தாளிகள் வந்து இறங்கத் தனி ஓடுதளம். அது காலங்காலமாக மசாய் மக்கள் மாடு மேய்க்கும் பூமி. மசாய்கள் ஆடுமாடு வளர்த்துப் பிழைப்பவர்கள், அந்த மிருகங்களோடு சேர்ந்தே வாழ்ந்தவர்கள். 2009-ல் அவர்களுடைய குடிசைகள் எரிக்கப்பட்டன. 2017-ல் மறுபடியும். 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டரை அளந்து கல் நட அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூடு. மசாய்கள் காயம்பட்டார்கள், ஒரு போலீஸ்காரர் செத்தார், நூற்றுக்கணக்கானோர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். வெளியூர்க்காரர் மான் சுடுவதற்கு, உள்ளூர்க்காரன் மாடு இடைஞ்சலாம்!

ஆக, வேட்டை நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. காசு யார் கைக்குப் போகிறது, யாரைக் கேட்டு அனுமதி கொடுத்தார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாத வேட்டை எதுவானாலும், அதுதான் கள்ள வேட்டை. அமைச்சரே வந்து முத்திரை குத்தினாலும் சரி.

அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். இருக்கிற படிவங்களில் இன்னும் இரண்டே வரி சேருங்கள். 'இந்த வேட்டைக் கட்டணத்தில் அந்த மண்ணில் வசிக்கிறவர்களுக்கு எவ்வளவு?' என்று ஒரு வரி. 'சம்மதித்த கிராமத்தின் கையெழுத்து' என்று இன்னொரு வரி. அதையும் கறுப்பு மையிலேயே எழுதட்டும்.

அந்த இரண்டு வரியும் காலியாக இருந்தால், துப்பாக்கிப் பெட்டி அடுத்த விமானத்தில் ஊருக்குத் திரும்பட்டும்.