ஓய்வூதியம் அருட்கொடையன்று, ஊதியமே!

கரும்பலகையின் முன் நின்று தொண்டை வறளக் கற்பித்த ஆசிரியர், முடி நரைத்து முதுகு வளைந்தபின், கையில் முழக்கத் தட்டியேந்தித் தெருவில் நிற்கின்றார். அவரருகே பள்ளி மணியடித்த ஊழியர் நிற்கின்றார். கணக்கெழுதிய எழுத்தர் நிற்கின்றார். நண்பகல் உணவு சமைத்துப் பிள்ளைகளின் பசியாற்றிய தாய் நிற்கின்றார். அவர்கள் கேட்பது கொடையன்று, பரிசன்று, உழைத்த கூலியின் எஞ்சிய பகுதி. இக்காட்சியைக் கண்டு நாண வேண்டியோர் அம்முதியோர் அல்லர். அவர்களை அங்கு நிறுத்திய ஆட்சியாளரே!

தமிழ்ச் சொல்லே இவ்வழக்கிற்குத் தீர்ப்பளிக்கின்றது. ஓய்வு + ஊதியம் = ஓய்வூதியம். ஊதியம் என்பது உழைப்பின் பேறு. வள்ளுவப் பெருமான் உயிர்க்குரிய பேற்றைச் சுட்டவும் இச்சொல்லையே ஆண்டார். பணிக்காலத்தில் ஈட்டப்பட்டு, முதுமைக்கென நிறுத்திவைக்கப்பட்ட கூலியே ஓய்வூதியம். நிறுத்திவைத்தவன் அதனைத் தன் கொடையெனச் சொல்லிக் கொள்வானாயின், அடகு பிடித்தவன் அணிகலனைத் தன் மனைவிக்குப் பூட்டி அழகு பார்ப்பதற்கும் அதற்கும் என்ன வேற்றுமை?

சொல் கூறும் இவ்வுண்மையைச் சட்டமும் ஏற்றுள்ளது. ஓய்வூதியம் அரசு மனம்போல் ஈவதும் மறுப்பதுமான கொடையன்று என 1971-ஆம் ஆண்டிலேயே உச்ச நயன்மன்றம் கூறியது. 17.12.1982 அன்று, நகாரா வழக்கில், ஐந்து நடுவர் கொண்ட ஆயம் அதனை மேலும் தெளிவாக்கியது: அது முன்செய்த பணிக்கான கொடுப்பு, ஒரு நாளைக் கோடாகக் கிழித்து, ஒரே நிலையிலுள்ள முதியோரை இரு கூறாக்குதல் ஒப்புரிமைக்கு முரண். ஆண்டுதோறும் திசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது இத்தீர்ப்பை நினைந்தே.

இவ்வுரிமை தமிழ்நாட்டில் எளிதில் வந்ததன்று. தனியார் பள்ளி ஆசிரியர் ஒரு காலத்தில் நிலைத்த வாழ்வற்றவர். பள்ளித் தாளாளரின் புருவ அசைவே அவர்தம் அடுப்பின் நெருப்பு. தமிழாசிரியர் நிலையோ அதனினும் இழிவு. பிற பாடம் கற்பித்தவரினும் குறைந்த சம்பளமே தமிழ்ப் புலவர்க்கு வாய்த்தது. 1955-ஆம் ஆண்டு, காமராசர் முதல்வராயிருந்தபோது, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கும் ஓய்வூதியம், வைப்புத்தொகை, காப்பீடு எனும் முப்பயன் திட்டம் கொண்டுவரப்பட்டது. கருவூலம் நிரம்பி வழிந்த காலமா அது? அன்று! ஏழை மாநிலம்; எனினும் நெஞ்சம் ஏழையன்று.

நூறாண்டு நிற்கவேண்டிய அம்மதில் 2003-இல் இடிக்கப்பட்டது. சலுகைகள் பறிக்கப்பட்டதை எதிர்த்து அவ்வாண்டு சூலைத் திங்களில் பணியாளரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ இரண்டு இலக்கம் பேர் ஒரே வீச்சில் பணியினின்று நீக்கப்பட்டனர். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என 6.8.2003 அன்று உச்ச நயன்மன்றம் தீர்ப்புரைத்தது. அதே நாளிட்ட ஆணையொன்றால் தமிழ்நாட்டரசு, 1.4.2003 முதல் பணியேற்றார்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றது. மார்ச்சு 31-இல் பணியேற்றவர்க்கு இறுதிச் சம்பளத்திற் பாதி வாழ்நாள் முழுவதும் உண்டு. மறுநாள் பணியேற்றவர்க்கு அது இல்லை! ஒரே பள்ளி, ஒரே பாடம், ஓரிரவு இடைவெளி, இருவேறு முதுமை!

புதிய முறைக்குப் 'பங்களிப்பு ஓய்வூதியம்' எனப் பெயரிட்டனர். சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடித்தனர். அரசும் அவ்வளவே சேர்ப்பதாகக் கணக்கெழுதினர். ஆனால் ஓய்வு பெற்றவர்க்குக் கிடைத்தது ஒருமுறைத் தொகை மட்டுமே. திங்கள்தோறும் வருவதொன்றும் இல்லை. வேலைவாய்ப்பகத்தில் பதிந்து காத்திருந்து, நாற்பதைக் கடந்தபின் பணி பெற்றோர் பலர். அவர்தம் சிறு தொகை மகள் திருமணத்திலோ மருத்துவமனையிலோ கரைந்தது. பங்கு உண்டு; அளிப்பு உண்டு; ஓய்வூதியம் மட்டும் இல்லை!

ஒரு நன்மையை மட்டும் மறைத்தலாகாது. தமிழ்நாடு தன் பணியாளர் பணத்தைத் தில்லியின் ஓய்வூதிய ஒழுங்காற்று ஆணையத்திடம் ஒப்படைக்கவில்லை. ஒப்படைத்த இராசத்தான், இமாச்சலம் முதலிய மாநிலங்கள் பழைய முறைக்குத் திரும்பியபோது, திருப்பித்தரச் சட்டத்தில் இடமில்லை என நடுவணரசு கைவிரித்தது. தன் வீட்டுப் பெட்டியின் திறவுகோலைப் பிறனிடம் தந்தவன் நிலை அதுவே. அந்நடுவணரசே பின்னர், இருபத்தைந்து ஆண்டு பணிபுரிந்தார்க்குச் சம்பளத்திற் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை 1.4.2025 முதல் கொண்டுவர நேர்ந்தது. சந்தையை நம்பிய முதுமை நிலைக்காது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கோ குழுமேற் குழு. 2016-இல் ஒரு குழு; 2018-இல் அதன் அறிக்கை. 2021 தேர்தலில் பழைய ஓய்வூதியம் மீளும் எனும் உறுதிமொழி. 2025-இல் மீண்டும் ஒரு குழு. இறுதியில் 3.1.2026 அன்று, தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இறுதி அடிப்படைச் சம்பளத்திற் பாதி உண்டு. பணியாளரிடம் பத்து விழுக்காடு பிடித்தலும் உண்டு. வைப்பிற்கு முதற்கண் 13,000 கோடி உருபாவும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 11,000 கோடி உருபாவும் அரசு தரும் என்றனர். இடைக்காலத்தில் ஓய்வூதியமின்றி வெளியேறினார்க்குச் 'சிறப்புக் கருணை ஓய்வூதியமாம்'!

கருணையா? எவர்மேல் எவர்க்குக் கருணை? கூலியை இருபதாண்டு பிடித்துவைத்தவர், பசித்து நின்றவனைப் பார்த்து இரங்குகின்றனராம்! அச்சொல் வடசொல் என்பது ஒரு குற்றம். உரிமையை இரப்பாக்குவது அதனினும் பெருங்குற்றம்.

இத்திட்டத்தின் உயிர்நிலை அந்த ஆண்டுத்தொகையே. அதனைத் தவறாது செலுத்துவார் எவர்? அறிவித்தவர் மாறலாம்; ஆட்சி மாறலாம்; அறிவிப்பு காற்றிற் போகலாம். அமெரிக்காவின் இல்லினாய்சு மாநிலத்தில் அரசு, ஆசிரியர் ஓய்வூதிய வைப்பிற்குத் தரவேண்டிய பங்கைப் பல்லாண்டு குறைத்தே தந்தது. பள்ளம் பெரிதானபின், 2013-இல் ஓய்வூதியத்தையே வெட்டச் சட்டம் இயற்றியது. ஓய்வூதியப் பயன் குறைக்கப்படலாகாதென 1970-ஆம் ஆண்டின் அம்மாநில அரசியல் சட்டம் கூறியிருந்தமையால், 2015-இல் அம்மாநில உச்ச நயன்மன்றம் அச்சட்டத்தைச் செல்லாதாக்கியது. அங்கு முதியோரைக் காத்தது ஆட்சியாளரின் நல்லெண்ணமன்று, எழுதிவைத்த சட்டம்!

கருவூலம் வறண்டது என்பார்க்கு ஒரு வினா. ஒருமுறை நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தார்க்குத் திங்களுக்கு 31,000 உருபா ஓய்வூதியம். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டிற்கும் மேலும் 2,500 உருபா. அதற்கு அவர் சம்பளத்தினின்று பத்து விழுக்காடு பிடிப்பதுண்டா? ஆசிரியன் முதுமையைச் சந்தையில் விடலாமெனக் கைதூக்கியவர், தம் முதுமையைக் கருவூலத்திலன்றோ கட்டிவைத்தனர்!

உழவனுக்கும் தறிநெய்வானுக்கும் ஓய்வூதியம் இல்லையே, ஆசிரியர்க்கு மட்டும் ஏன் என்பாரும் உளர். அவர்க்கும் வேண்டும் என்பதே அறம். இவர்க்கும் வேண்டா என்பது பொறாமை. பள்ளிக்குள்ளேயே பாருங்கள்: சத்துணவுப் பணியாளர்க்கு அண்மைக்காலம் வரை திங்களுக்கு 2,000 உருபாவே சிறப்பு ஓய்வூதியம். ஒருவர் உரிமை வீழ்ந்தால் அடுத்தவர் உரிமை எழுவதில்லை; இரண்டும் சேர்ந்தே வீழும்.

ஆதலின் முதியோர் கேட்க வேண்டியவை மூன்று: ஓய்வூதியம் ஆணையாலன்றிச் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தால் உறுதியாதல் வேண்டும், அரசின் ஆண்டுப் பங்கு, வேறெதற்கும் எடுக்கவியலாத தனி வைப்பில் செலுத்தப்பட்டு, கணக்கு ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும், 2003-க்குப் பின் பணியேற்று ஓய்வுபெற்றார் ஒருவரும் விடுபடலாகாது.

தமிழ் மக்களே! உங்கட்கு அகரம் எழுதக் கற்பித்த கை இன்று நடுங்குகின்றது. அதில் திருவோட்டைத் திணிக்கும் எவ்வாட்சியும் தமிழாட்சி ஆகாது. அக்கைக்கு உரியதை உரிமையோடு தரச் செய்யுங்கள். அஃது இரக்கமன்று, கடன்!