பூட்டுக்கு வேறு பெயர் வைத்தால்…

சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் இறங்குகிறது. சுங்க வரி கட்டியாச்சு. கேட் பாஸ் வாங்கியாச்சு. லாரி ராயபுரம் தாண்டி திருவொற்றியூர் குடோனுக்கும் வந்தாச்சு. அப்புறம் விற்றவர் போன் போட்டு, 'உள்ளே இருக்கிற சரக்கில் கொஞ்சத்தை மட்டும் எங்களைக் கேட்காம எடுக்கக் கூடாது. நாங்க போனை எடுக்கலைன்னா அது உங்களுக்குக் கிடையாது' என்றால் குடோன்காரர் என்ன சொல்வார்? அச்சில் போட முடியாது.

வீடியோ கேம் கம்பெனிகள் இதைத்தான் செய்கின்றன. நாம்தான் வாய் திறப்பதில்லை.

காசு கொடுத்து கேம் வாங்குகிறீர்கள். தனியாக உட்கார்ந்து ஆடுகிற கேம். ஆனால் போனஸ் என்று சொன்ன துப்பாக்கியும் உடையும் கம்பெனியின் சர்வர் தலையாட்டினால்தான் திறக்கும். இது டி.ஆர்.எம். எனும் டிஜிட்டல் பூட்டுதானே என்று கேட்டால், 'சேச்சே! கேம்தான் ஓடுதே. போனஸ் எங்க அன்பளிப்பு' என்கிறார்கள்.

அன்பளிப்பாம்! சோப்புத் தூளோடு வரும் பக்கெட்டின் விலை சோப்புத் தூளுக்குள் இருக்கிறது. இதற்கு பி.காம். கூட வேண்டாம். போனஸைக் காட்டி விற்றால் அதுவும் விலையில் அடக்கம்.

டி.ஆர்.எம். இல்லாத கேம் என்பதையே விளம்பரமாக வைத்திருக்கும் கடை, போலந்தின் ஜி.ஓ.ஜி. அங்கேயே 2021 செப்டம்பரில், 2016-ல் வெளியான 'ஹிட்மேன்' விற்பனைக்கு வந்தது. நெட் இல்லாமல் கதை ஓடியது. ஆடிச் சம்பாதிக்க வேண்டிய ஆயுதங்கள் திறக்கவில்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அக்டோபரில், இந்த நிலையில் வெளியிட்டிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டு கடையே அதை எடுத்துவிட்டது. பூட்டு இல்லையென்றால் ஏன் எடுக்க வேண்டும்?

உடைதானே, போகட்டும் என்று விட்டால் அடுத்து முழு கேமும் போகும். யூபிசாஃப்ட் 2014-ல் விற்ற 'தி க்ரூ' கார் பந்தயத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் வண்டி நின்றது.

'நீங்க வாங்கினது பொருள் இல்லை, வெறும் உரிமம்' என்பார்கள். 2004-ல் டாடா கன்சல்டன்சி வழக்கில், டிஸ்கில் விற்கும் ரெடிமேட் சாஃப்ட்வேர் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்றது சுப்ரீம் கோர்ட். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவோ, வாங்கியவர் இடைஞ்சல் இல்லாமல் அனுபவிக்க வேண்டும் என்கிறது. வரி போடும்போது சரக்கு, ஆடும்போது உரிமமா? டிஸ்க் போய் டவுன்லோடு வந்ததும் நியாயமும் மாறிவிடுமா?

பத்துப் பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு சர்வர் வேண்டும், சரி. ஒற்றை ஆளின் சட்டைக்கு எதற்கு? ஒரு காலத்தில் பர்மா பஜாரில் திருட்டு கேம் சி.டி. விற்றார்கள். தப்புதான். ஆனால் அது யாரையும் கேட்காமல் ஓடியது. காசு கொடுத்தவனுக்குப் பூட்டு, திருடியவனுக்குச் சாவி என்றால் என்ன வியாபாரம் இது?

கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டுமே தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் கடைகள் 'வாங்குங்கள்' என்று பட்டன் வைக்க முடியாது. நமக்கும் அந்தச் சட்டம் வேண்டும். கூடவே, சர்வரை மூடும் நாளில் சாவியை வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அதுவரை சோதனை சுலபம். நெட் வயரைப் பிடுங்குங்கள். எது திறக்கவில்லையோ, அதில் பூட்டு இருக்கிறது. கம்பெனி அதற்கு என்ன பெயர் வைத்தால் நமக்கென்ன?