வண்டு காணும் வானத்தை நாம் மறைக்கலாமா?

தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் அத்தியாயங்களைக் கொண்ட திருமறையை ஓதுகின்ற நாம், சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டை மட்டும் அருவருப்போடு கடந்துவிடுகின்றோம். கீழ்பென்னாத்தூரைப் போன்று உழவும் கறவையும் சார்ந்த ஊர்களுக்குச் சாண வண்டுகள் செய்யும் ஊழியம் பெரிது. சாணத்தை மண்ணுக்குள் புதைத்து அவை நிலத்தை வளமாக்குகின்றன; ஈக்கள் பெருகுவதைக் குறைக்கின்றன.

உருட்டும் வண்டு நேர்க்கோட்டில் செல்வதற்குக் காரணம் உண்டு. சாணக் குவியலருகே தாமதித்தால் வேறு வண்டுகள் உருண்டையைப் பறித்துக்கொள்ளும்; வளைந்து சென்றாலோ புறப்பட்ட இடத்துக்கே திரும்ப நேரும். தலையைத் தாழ்த்திப் பின்னங்கால்களால் பின்னோக்கி உருட்டுவதால், அது செல்லும் திசையைப் பார்ப்பதில்லை, வானத்தையே பார்க்கின்றது. புறப்படுமுன் உருண்டையின்மீது ஏறிச் சுழன்று, வானின் ஒளியமைப்பைப் பதித்துக்கொள்கின்றது.

பகலில் உலவும் இனங்களுக்குச் சூரியன் துணை. இரவில் உலவுவனவற்றுக்கு நிலவு துணை. நிலவில்லாத இரவில்? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டாக்கேயும் குழுவினரும் தென்னாப்பிரிக்க வண்டுகளை ஆராய்ந்து 2013இல் இதற்கு விடை கூறினர். ஜோகன்னஸ்பர்க் கோளரங்கில் பால்வீதியின் ஒளிப்பட்டையை மட்டும் காட்டியபோதும் வண்டுகள் நேராகவே சென்றன. திறந்தவெளியில் தலையில் அட்டைத் தொப்பி அணிவித்து வானத்தை மறைத்தபோது தடுமாறின.

2021இல் வெளிவந்த அவர்களது மற்றோர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. நகர விளக்குகளின் நடுவே அவ்வண்டுகள் விண்மீன்களை விட்டு, ஒளிரும் கட்டடங்களை நோக்கிச் சென்றன. பல திசைகளில் பிரிய வேண்டியவை ஒரே பக்கம் சென்றன. விளக்கு நேரே தெரியாமல் வானம் மட்டும் வெளுத்திருந்த இடத்தில் திசையறியாது அலைந்தன.

நாம் விளக்குக்கு எதிரிகள் அல்லர். பெண்களும் முதியோரும் அச்சமின்றி நடக்கவும், ஃபஜ்ருக்கு வருவோர் கால் இடறாதிருக்கவும் தெருவில் ஒளி வேண்டும். ஆனால், இஷா முடிந்து கதவடைத்த பின்னரும் மினாராவில் விடியும்வரை எரியும் அலங்கார விளக்குகள் யாருக்காக? வயல்வெளியை நோக்கித் திருப்பிய பெருவிளக்கு எதற்காக? இது மின்சார விரயம் மட்டுமன்று; மற்றொரு படைப்பின் வழியை மறைப்பதுமாகும்.

தீர்வு கடினமானதன்று. அலங்கார விளக்குகளைத் தேவை முடிந்ததும் அணைக்கலாம். எஞ்சியவற்றுக்கு மறைப்பிட்டு ஒளியைத் தரைநோக்கித் திருப்பலாம். இருளில் வழியறிய விண்மீன்கள் படைக்கப்பட்டிருப்பதை அல்குர்ஆன் 6:97 நமக்கு நினைவூட்டுகின்றது. பிறை பார்த்து மாதத்தைத் தொடங்கும் சமுதாயம் நாம். அந்த அருட்கொடையில் பங்குபெறும் சிற்றுயிருக்கும் வானத்தை விட்டுவைப்பது நம் பொறுப்பு. எதிர்வரும் ஜமாஅத் கூட்டத்தில் இதனைப் பேசி முடிவெடுப்போமாக.